சுருக்கத்தை மட்டும் படித்த மகனுக்கு

செந்தில்,

இதை நான் ஆங்கிலத்தில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் தமிழில், கையால் எழுதுகிறேன். ஆங்கிலம் என்றால் உனக்குக் கால் முளைத்துவிடும். முதல் நாலு வரி, கடைசி நாலு வரி, அவ்வளவுதான், முழுவதும் படித்துவிட்டேன் என்பாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டது நாங்கள்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் உன்னிடம் இருப்பது, அதனால் அதற்காக உன்னைக் குறை சொல்ல வரவில்லை. இந்த ஒரு தடவை அது எனக்கு வசதியாக இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு மேலே சுருக்கம் கிடையாது, கீழே முடிவுரையும் கிடையாது. உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை நடுவில் எங்கோ வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் எதுவும் கேட்காதே, சொல்ல மாட்டார். அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

நாளைக் காலை சுகந்திக்கு நரம்பு டாக்டரிடம் தேதி. ஏழு மாத வயிற்றோடு உன் பெண்டாட்டி செம்பூரில் என் வீட்டில் இருக்கிறாள். நீ ஐரோலி வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, வலிப்பு மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் வாதாடப்போகிறாய். வலிப்பு மாத்திரை பிள்ளைக்கு ஆபத்து என்கிற அந்தக் கட்டுரையோடு வருவாய். அந்தக் கட்டுரையை எடுத்துக் கொடுத்தவள் நான். முந்தாநாள் போனில் நான் வேண்டாம் என்று சொன்னபோது நீ கேட்டாயே, "நீதானம்மா அந்தப் பேப்பரை எடுத்துக் குடுத்தே, இப்போ நீயே தப்புன்னா எப்படி?" என்று. கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. உன் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் சொல்ல முடியாது.

முதலில் உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். சுகந்தியைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம், அவளே உன்னை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே வரச் சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, தனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரை போட்டால் வராது, வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். அவள் வீட்டாருக்கு அவள் சொன்னது தெரியாது. நீ வீட்டுக்கு வந்து என்னிடம்தான் முதலில் வந்தாய். வலிப்பு பற்றி என்ன இருக்கிறதோ எடுத்துக் கொடு என்றாய். நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தேன். ஒரு வரி விடாமல் படித்தாய். புரியாத சொல்லுக்கெல்லாம் என்னைக் குடைந்தாய், எனக்குத் தெரியாததற்கு மேல்படிப்பு மாணவர்களிடம் கேட்டு வரச் சொன்னாய். பிறகு தாராவியில் உன் பெரியத்தை வீட்டில் ஆளாளுக்கு முணுமுணுத்தபோது, நடுக்கூடத்தில் நின்று, இது ஒரு நோய், இதற்கு மருந்து இருக்கிறது, அவள் அதை ஒழுங்காகப் போடுகிறாள், இதில் உங்களுக்கு என்ன என்று கேட்டாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் கேட்கிறேன்.

எங்கே போனான் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கரு கலைந்ததே, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் போனான். காரணம் எதுவும் தெரியவில்லை, இப்படிப் பலருக்கும் ஆவது உண்டு என்று டாக்டர் அம்மா சொன்னார். காரணம் இல்லாத துக்கத்தை உன்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. தினமும் இரண்டு வேளை கண்ணெதிரே அவள் விழுங்குகிற மாத்திரை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாய். கல்யாணம் ஆனதுமே, பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னவுடன், நரம்பு டாக்டர் பழைய மாத்திரையை மெல்ல மெல்ல மாற்றி, கர்ப்பத்துக்கு ஆபத்துக் குறைந்தது என்று வேறொன்று கொடுத்தார். நீயும் கூட இருந்து கேட்டாய். அது உனக்கு மறந்தே போய்விட்டது. பயம் வந்தால் மனிதனுக்கு நல்ல செய்திதான் முதலில் மறக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மடிக்கணினியோடு வந்தாய். அதில் ஒரு கட்டுரையின் சுருக்கம் மட்டும் தெரிந்தது, உள்ளே போகப் பணம் கேட்டது. "அம்மா, தேக், இதைப் பாரு, இதுல க்ளியரா போட்டிருக்கு. ஃபுல் பேப்பர் மட்டும் எடுத்துக் குடு, பஸ், அது போதும்," என்று இந்தி கலந்து சொன்னாய். எங்கள் நூலகம் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுகிறது. மறுநாளே மேசையில் உட்கார்ந்து எடுத்தேன். பதிப்பகம் பின்னால் தப்பு என்று அதைத் திரும்பப் பெற்றுவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. அச்சிட்டேன். அச்சிடும்போது கண்ணில் பட்டது: பல மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கத்தில் எச்சரித்திருந்தார்கள், உள்ளே அட்டவணையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். பெரிய ஆபத்து முழுவதும் சுகந்தி எப்போதோ விட்டுவிட்ட அந்தப் பழைய மாத்திரையின் வரிசையில் இருந்தது. அவள் இப்போது போடுவது வேறு வரிசை, அதில் பயப்படும்படி எதுவும் இல்லை. நான் பார்த்தேன் செந்தில். பார்த்துவிட்டு, தாள்களை அடுக்கிப் பின் அடித்து, சாயந்திரம் உன்னிடம் கொடுத்து, "முழுசையும் படி ஐயா," என்று மட்டும் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கருத்துச் சொல்லக் கூடாது. வாசகர் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும், எப்படித் தேடுவது என்று காட்டலாம், எதை நம்புவது என்று சொல்லக் கூடாது. படிப்பது அவர் வேலை, மருத்துவம் டாக்டர் வேலை. சேர்ந்த புதிதில் என் மேலாளர் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார், நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல முறைதான். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் கேட்டாலும், முதல் வருஷப் பிள்ளை கேட்டாலும் எனக்கு ஒன்று. என்ன, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நான் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருப்பது வாசகர் இல்லை, என் பிள்ளை, பயந்துபோன பிள்ளை என்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்தும் பழக்கம் விடவில்லை என்பதுதான் நிஜம். வெட்கமாக இருக்கிறது.

இப்போது உன் முறை. கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். நீ தேடியதை எனக்குக் காட்டினாயே, தேடல் பெட்டியில் மூன்று சொல் போட்டிருந்தாய்: மாத்திரை, கரு, ஊனம். ஊனம் என்று போட்டால் ஊனம்தான் வரும். மாட்டுங்கா மார்க்கெட்டில் பாகற்காய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மார்க்கெட்டே கசக்கிறது என்று சொன்ன கதைதான். போதாததற்கு, இலவசமாகக் கிடைப்பதை மட்டும் காட்டு என்று ஓரத்தில் ஒரு கட்டத்தில் டிக் வேறு. அது ஒரு மூலையை மட்டும் காட்டும், கடல் இவ்வளவுதான் என்று நீ எழுந்து வந்துவிடுவாய். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ வாரப் பத்திரிகைத் துணுக்கைப் படித்துவிட்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெந்தயப் பொடியாகத் தின்று, செம்பூர் ஸ்டேஷன் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாரே. நீ அப்போது காலேஜ். அவரை விட்டாயா? "யாருப்பா எழுதினது? எத்தனை பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க? கூட எதோட ஒப்பிட்டாங்க?" என்று வக்கீல் மாதிரி நிறுத்தி வைத்துக் கேட்டாய். மனிதர் உதவிக்கு என்னைப் பார்த்தார். அதே மூன்று கேள்வியை இந்தத் தடவை உன்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் பின் அடித்துக்கொண்டிருந்தேன்.

நீ முதல் பக்கத்தை வாஷியில் வண்டி மாறுவதற்குள் படித்துவிட்டு, அன்றைக்கே சுகந்தியிடம் பேசிவிட்டாய். நிறுத்து என்று சொல்லவில்லை, தெரியும். குறைத்துப் பார்க்கலாமா என்றாய், பிள்ளைக்காக என்றாய். அந்த ஒரு சொல் போதும். டாக்டரிடம் கேட்காமல் காலை மாத்திரையைப் பாதியாக ஒடித்தாள். பிறகு இரவு மாத்திரையையும். இது எனக்குத் தெரியாது. இங்கே வந்து தங்கிய பிறகும் மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் அத்தை என்பாள். பாதி போட்டதும் போட்டதுதானே.

இனி நான் நடுவில் வைத்திருப்பதாகச் சொன்ன விஷயம். சுகந்தியின் இடது கையில் இருப்பது எண்ணெய் தெறித்த காயம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன். எட்டிப் பார்த்தால், நின்றுகொண்டுதான் இருக்கிறாள். விழவில்லை, உதறவில்லை. கண் திறந்திருக்கிறது, சுவரைப் பார்க்கிறது, வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைகிறது. இடது உள்ளங்கை தோசைக்கல்லின் மேல் இருக்கிறது. சும்மா, மேசையில் கை வைத்திருப்பதுபோல. அவளுக்கு வலிக்கவில்லை செந்தில். அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடுங்கினேன், அடுப்பை அணைத்தேன், அவளைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அப்புறம்தான் அலறினாள். அலறிக்கொண்டே வலது கையால் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பிரசவம் பார்க்கும் பெண் டாக்டரிடம் அன்றைக்கே காட்டினோம், துடிப்பு நன்றாக இருக்கிறது. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள். ஆனால் கட்டுப் போட்ட கிளினிக்கில் எண்ணெய் என்று சொன்னது அவள், பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். பெண் டாக்டரிடமும் அதையேதான் சொன்னோம். அன்று மாலை நீ வந்து கட்டைப் பார்த்துத் துடித்தபோதும் அதையே சொன்னோம். அதற்கு முன், டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில் ஆட்டோவில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அவியகிட்ட மட்டும் சொல்லிராதிய அத்தை, ஏற்கெனவே தூங்க மாட்டேங்காவ," என்றாள். நானும் சரி என்றேன். ஒரு பொய்யை மூன்று இடத்தில் சொன்னோம், அதில் இரண்டு டாக்டர்கள்.

நீ போன பிறகு அவளை உட்காரவைத்தேன், மாத்திரையை ஒடித்ததை அப்போதுதான் சொன்னாள், பிறகு நான் பேசினேன். அட்டவணையில் பார்த்ததைச் சொன்னேன். பழைய மாத்திரை வேறு, இது வேறு என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை, அழவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என் மாத்திரையத்தான் சொல்லுவாவ. எனக்கு ஒண்ணுன்னா எதச் சொல்லுவாவ? நீங்களும் அவியளும் அவ்வளவு தேடுனியளே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா அத்தை?"

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய் என் மேசையில் உட்காராமல், மாணவர்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு கணினியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வரும்போது நான் சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு. விசைப்பலகையைத் தொடுமுன் கேள்வியைத் தாளில் எழுது. அதில் முதல் கட்டம்: யாருக்காகக் கேட்கிறாய்? நோயாளி யார்? அதை எழுதாமல் தேட ஆரம்பித்தவர்களை நான் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். உன் மூன்று சொற்களை எடுத்து அந்தக் கட்டங்களில் எழுதிப் பார்த்தேன். மாத்திரை இருந்தது. கரு இருந்தது. ஊனம் இருந்தது. முதல் கட்டம் காலியாக இருந்தது. மாத்திரையை விழுங்குகிறவளை நீ தேடவே இல்லை, நானும் கேட்கவே இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தேடலிலிருந்து எடுத்துவிட்டோம்.

எழுதினேன். வலிப்பு உள்ள கர்ப்பிணி. பிறகு முறையாகத் தேடினேன். ஆசிரியர்கள் ஆளுக்கொரு சொல்லில் எழுதினாலும், தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டுரையையும் ஒரே பொருள் தலைப்பின் கீழ் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தலைப்பைப் பிடித்தால் எல்லாம் வரும், உனக்குப் பிடித்தது மட்டும் வராது. ஓரத்து டிக் எதுவும் இல்லை. ஊனம் என்று போடவில்லை, என்ன ஆகிறது என்று மட்டும் கேட்டேன். தாய்க்கும், பிள்ளைக்கும். வந்ததில் பல கட்டுரைகளை ஒன்றாக வைத்துச் சீர்தூக்கிப் பார்த்தவற்றை முதலில் எடுத்து, இந்தத் தடவை வாசகியாகப் படித்தேன். சுருக்கத்தைக் கடைசியில்தான் பார்த்தேன். மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல என்பது அங்கேயும் இருந்தது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று குறைத்தால் வலிப்புத் திரும்புவதும், பெரிய வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஆபத்தில் இருப்பதும் இருந்தது. சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ரத்தத்தில் தானாகவே குறைந்துபோகும், அதனால் அளவைக் கூட்ட வேண்டிவரும் என்பதும் இருந்தது. நாம் கூட்ட வேண்டிய நேரத்தில் ஒடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆபத்தே இல்லை என்று யாரும் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். நான் டாக்டர் இல்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் தாள்களையும் உனக்குத் தீர்ப்பாகக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தாள்களை உனக்கு அனுப்பும் முன் சுகந்தியிடம் கொடுத்தேன். அவள் கணக்குப் படித்தவள், அட்டவணை படிக்க அவளுக்கு நான் தேவையில்லை. படித்தாள். நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை விரலை ஓட்டிப் படித்தாள். பிறகு போனை எடுத்து நரம்பு டாக்டரை அவளே கூப்பிட்டாள். பாதியாக ஒடித்தது, கை வெந்தது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். உன் பேரைச் சொல்லவில்லை, நானே குறைத்தேன் டாக்டர் என்றுதான் சொன்னாள். முழு அளவுக்கு இப்போதே திரும்பச் சொன்னார். ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், ஏற்கெனவே கொடுத்திருந்த நாளைய தேதிக்குக் கட்டாயம் வரச் சொன்னார். தனியாக அடுப்படியில் நிற்கவும், ரயிலில் போகவும் கூடாது என்றார். அன்றிலிருந்து முழுதாகப் போடுகிறாள். உனக்குத் தெரியாமல் போடுகிறாள், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முந்தாநாள் நான் போனில் பேச ஆரம்பித்தது இதைச் சொல்லத்தான், நீ அதற்குள் வைத்துவிட்டாய். நான் எழுதிவிடட்டுமா என்று இன்று கேட்டேன். எழுதுங்க, ஆனா அவியளத் திட்டாதிய என்றாள். கொஞ்சம் திட்டிவிட்டேன். அவளிடம் சொல்லாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது நாலாவது பொய் ஆகிவிடும். கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ படுகிற பாடு எனக்குத் தெரிகிறது. போன வருஷம் அந்த வராந்தாவில் நீ அழாமல் நின்றதை நான் பார்த்தேன். அன்றைக்கு அழுதிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். இன்னும் பயப்படு, தப்பில்லை. பயத்தை அவள் தட்டில் வைக்காதே, என்னிடம் கொண்டு வா. இனிமேல் நான் மேசைக்கு உன் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவேன். என்ன தெரிகிறதோ சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன்.

இப்போது அப்பாவோடு கிளம்பி வா. ராத்திரி இங்கேயே தங்கு. நாளை ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியில் அவள் உட்காரட்டும், அவளே பேசட்டும். நீ கொண்டுவரும் கட்டுரையையும் தாராளமாக எடுத்து வா, அவள் பேசி முடித்த பிறகு கேள். இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள். வலது கையை. இடது கையில் இன்னும் தோல் கூடவில்லை.

அம்மா
செம்பூர்